வார்டுக்குள் ஒரு பெரட்டு

காலை மணி அடித்ததும் எங்கள் பெண்கள் வார்டில் ஒரு சத்தம் கேட்கும். இருமலோ முனகலோ இல்லை. இரும்புக் கட்டில்களெல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிடும் சத்தம்.

நோயாளிகள் எழுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுந்து எங்கே போகிறார்கள்? எங்கேயும் போகவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டில் காலடியில் வரிசையாக நிற்கிறார்கள். காய்ச்சலில் பல் கிட்டித்தவள் நிற்கிறாள். வயிற்றில் போட்ட தையல் ஆறாதவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பேதியாகிக் கண் உள்ளே போனவள் பக்கத்துக்காரி தோளில் சாய்ந்து நிற்கிறாள். படுத்திருப்பது தலையணை மட்டும்தான்.

டாக்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ தீப்பிடித்துக்கொண்டது என்றே நினைத்தேன். வார்டு நர்ஸ் குருநாகல் பக்கத்துச் சிங்கள அம்மாள். எல்லோரும் நோனா என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன நோனா இது?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

நோனா ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டே, "டாக்டர் வாறது தானே, அதுதான் நிக்கிறது" என்றார். மழை வருகிறது, குடை விரிக்கிறார்கள் என்பது போலச் சொன்னார்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்

ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். சொல்லமாட்டேன். ஹட்டனுக்கும் லிந்துலைக்கும் நடுவில், தேயிலை மலைகளுக்கு மத்தியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்களெல்லாம் இன்னும் தனியார் கம்பெனிகள் கையில் இருந்த காலம். பஸ் ஏற்றத்தில் திணறி நின்றால் இறங்கித் தள்ளுவது பயணிகளின் கடமை. நோயாளியாக ஏறியவரும் இறங்கித் தள்ளுவார். அப்படித் தள்ளியும் உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கே நாங்கள் வைத்தியம் செய்தோம்.

என் அப்பா ஹட்டன் கடைவீதியில் ஜவுளி வியாபாரி. மகன் கொழும்பில் படித்து டாக்டராகி, கொள்ளுப்பிட்டியில் கார் வைத்துக்கொள்வான் என்று கனவு கண்டார். சர்க்காரோ, "உம்முடைய ஊர்ப்பக்கம்தானே" என்று சொல்லி என்னை மலைக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். வாரா வாரம் பஸ்ஸில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வந்துவிடும்.

அதற்குப் போதனா ஆஸ்பத்திரி என்றும் ஒரு கௌரவம் இருந்தது. கொழும்பிலிருந்து மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்து சில வாரம் தங்கி, கட்டிலுக்குக் கட்டில் நோய் பார்த்துப் பழகிவிட்டுப் போவார்கள். கொழும்பில் பார்க்கக் கிடைக்காத அளவுக்கு வீங்கிய மண்ணீரலும், கொக்கிப்புழு ரத்தம் குடித்து வெளுத்த முகங்களும் எங்களிடம் தாராளமாகக் கிடைத்தன. மலையிலிருந்து தேயிலைக்கு அடுத்தபடியாகக் கொழும்புக்குப் போன சரக்கு அந்த அறிவுதான்.

பெரட்டு எப்படி உள்ளே வந்தது?

தோட்டம் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. விடியுமுன் தப்பு அடிப்பார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளின் காம்பராக்களில் இருப்பவர்களெல்லாம் அவசரமாகப் புறப்பட்டுப் பெரட்டுக் களம் என்ற ஆள்கணக்குத் திடலில் வந்து நிற்க வேண்டும். துரையோ, கண்டாக்கு என்கிற மேற்பார்வையாளரோ வந்து, நிற்கிற தலைகளைப் பார்த்து, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிப்பார். நின்றவளுக்கு அன்றைக்குப் பேர் உண்டு, அதாவது கூலி உண்டு. நிற்காதவளுக்கு இல்லை. நிற்காமலே இருந்தால் கொஞ்ச நாளில் வேலையும் இல்லை, வேலை போனால் லயத்தில் காம்பராவும் இல்லை.

சின்ன வயதிலிருந்து இப்படி நின்று பழகியவள் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். காலையில் மணி அடிக்கிறது. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் வருகிறார், பின்னால் நாலு பேர் வருகிறார்கள். அவளுக்கு வேறென்ன தோன்றும்? கால் தானாக எழுந்துவிடுகிறது. நிற்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் யாரும் உத்தரவு போடவில்லை. நிற்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. எங்கள் நிர்வாகத்தின் அழகு அதுதான்.

எங்களுக்கெல்லாம் மேலே பெரிய டாக்டர் என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் பட்டம் வாங்கியவர். மலைக்குளிரை வாழ்த்திக்கொண்டே லண்டன் கோட்டைக் கழற்றாமல் நடமாடுவார். இங்கிலீஷில் யோசிப்பார், இங்கிலீஷில் திட்டுவார். கோபம் எல்லை மீறினால்தான் பிறந்த ஊர்த் தமிழ் வெளியே வரும்.

பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை, புதன்கிழமை, மாணவர் படையோடு வார்டு பார்க்க வருவார். அப்படி வந்த ஒரு நாளில் இந்த வரிசையைப் பார்த்து அவருக்கு ஞானம் பிறந்தது. கட்டில்களுக்கோ பஞ்சம். ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கடியில் ஒருத்தி என்று கிடந்த காலம். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க ஒரு சுருக்குவழி வேண்டியிருந்தது. அது கட்டில் காலடியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"காலூன்றி நிற்பவளுக்குக் கட்டில் எதற்கு?" என்றார். அதற்கு 'ஸ்டாண்டிங் டெஸ்ட்' என்று பெயரும் வைத்தார். நேராக நின்றால் சுகம், துண்டு வெட்டு. துண்டு வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. சுவரில் சாய்ந்து நின்றால் இன்னும் சில நாள் பார்க்கலாம். ஆண்கள் வார்டில் கால் முறிந்த ஒருவர் ஒற்றைக்காலில் நின்று கும்பிட்டார். அவரைப் பாதி குணம் என்று எழுதச் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், மாணவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

தோட்டத் துரைமார்களுக்கு இந்த டெஸ்ட் ரொம்பப் பிடித்துப்போனது. ஆட்கள் சீக்கிரம் மலைக்குத் திரும்பினால் யாருக்குக் கசக்கும்? பெரிய டாக்டர் வீட்டுக்கு முதல்தரத் தேயிலை வந்தபடி இருந்தது. எங்களுக்கு வழக்கம்போலத் தூள்தான்.

செல்லாயி

இந்தச் சமயத்தில்தான் செல்லாயி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலியில் உட்கார வைத்து, கம்பு கட்டி, அவள் புருஷனும் கொழுந்தன்மார்களும் மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினாள்.

சின்ன வயதில் மூட்டெல்லாம் வலித்துக் காய்ச்சல் வந்ததாம். தோட்டத்து மருந்துக்காரர் வெள்ளை மிக்ஸர் கொடுத்தாராம். அந்த மகானுபாவர் தலைவலிக்கும் வெள்ளை மிக்ஸர், பாம்புக்கடிக்கும் வெள்ளை மிக்ஸர் கொடுப்பவர். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த இதயத்தோடுதான் கூடையைச் சுமந்து மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் எங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நீர் இறங்க ஊசி, இதயத்துக்கு ஒரு மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி கட்டிலை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். ஓய்வு இருந்தால் வீக்கம் வடியும், மூச்சு சீராகும். இந்த நிலையில் துண்டு வெட்டி மலைக்கு அனுப்பினால் பிணமாகத்தான் இறக்குவார்கள். இது எனக்குத் தெரியும், நோனாவுக்கும் தெரியும்.

இந்தச் செல்லாயியும் ஒவ்வொரு காலையும் மணி அடித்ததும் எழுந்து நின்றாள்.

"எந்திரிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று சத்தம் போட்டேன்.

"நீங்க வாறீங்களே ஐயா. படுத்துக்கிட்டா இருக்க முடியும்?"

"நான் வந்தா வந்துட்டுப் போறேன். புதன்கிழமை பெரிய டாக்டர் வருவார். நின்னேன்னு வையி, சுகமாயிட்டேன்னு துண்டு வெட்டிடுவார்."

செல்லாயி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று சிரிக்கிற மாதிரி. "நிக்கிறவளையா வெட்டுவாங்க? நிக்காதவளைத்தாங்க வெட்டுவாங்க. இந்தக் கட்டில் போயிருச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்? புள்ளக்காம்பராவுல ஆயாகிட்ட எம்புள்ளய விட்டுட்டு வந்திருக்கேன். நான் சொகமாகித்தாங்க போகணும்."

தலையில் அடித்துக்கொண்டேன். கட்டில் போய்விடக்கூடாதே என்றுதான் அவள் நின்றாள். நின்றால்தான் கட்டில் போகும். இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

சரி, புரிகிறவரிடம் பேசுவோம் என்று பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். இவள் விஷயத்தில் டெஸ்ட் வேண்டாம், இதய நோயாளி, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்கு அனுபவம் காணாது. நீர் புத்தகத்தில் படிச்சது லண்டன் இதயம். இந்தச் சனங்களின்ர இதயம் வேற. மலையேறிப் பழகினது. படுக்கப் போட்டால்தான் கெட்டுப்போகும்" என்றார்.

பிஸ்கட் முறிந்து கோப்பைக்குள் விழுந்தது. கரண்டியால் அதைத் தேட ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

மாரியாயியின் ஏற்பாடு

செல்லாயிக்குப் பக்கத்துக் கட்டில் மாரியாயி. தன் தோட்டத்தில் சங்கத்துக்கு மாதர் தலைவி. ஸ்டாண்டிங் டெஸ்டில் ஒருமுறை அபாரமாகத் தேறிப் போனவள். போய் மூன்றாம் நாளே கொழுந்து மலையில் கூடையோடு மயங்கி விழுந்து, மறுபடி எங்களிடமே வந்து சேர்ந்தாள். டெஸ்டின் லட்சணம் அந்த வார்டில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் செல்லாயியோடு மல்லுக்கட்டியதையெல்லாம் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஐயா, அவளுக்கு ஒத்தையாப் படுத்திருக்கப் பயம். எல்லாரும் படுத்திருந்தா அவளும் படுப்பா. நீங்க ஒண்ணும் பேசாம இருங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்றாள்.

என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமலிருப்பது உடம்புக்கு நல்லது. அன்று மத்தியானம் முழுக்க அவள் கட்டில் கட்டிலாகப் போய்க் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன். நோனாவும் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் துடைக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை வந்தது. சாதாரணப் புதன் இல்லை. மாணவர்களுக்கு அன்று பரீட்சை. ஆளுக்கொரு நோயாளியைப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். பரீட்சிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியரே வந்திருந்தார். மலைப்பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்ததில் அவர் முகம் எங்கள் நோயாளிகளின் முகத்தைவிட மோசமாக இருந்தது. பெரிய டாக்டர் கோட்டில் பூவெல்லாம் குத்தியிருந்தார். "எங்கள் வார்டின் ஒழுங்கைப் பாருங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

கட்டில்கள் கிறீச்சிடவில்லை. எல்லோரும் படுத்திருந்தார்கள். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தத்தில் வேலையை விட்டுவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிற்பதை விட்டுவிட்டுப் படுத்த வேலைநிறுத்தத்தை அன்றுதான் பார்த்தேன்.

பெரிய டாக்டரின் முகம் சிவந்து கறுத்தது. ஒருமுறை கனைத்தார். ஒருத்தியும் அசையவில்லை. எனக்குள்ளே ஒரு விசில் கிளம்பிவிட்டது.

அப்போது ஒரே ஒரு கட்டில் கிறீச்சிட்டது. செல்லாயி.

மாரியாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். செல்லாயி உதறிவிட்டு இறங்கினாள். கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து, கம்பளியைத் தலைக்கு இழுத்துவிட்டு, "சலாமுங்க தொரை" என்றாள். மூச்சு முட்டியது. "எல்லாரும்... எனக்காகத்தாங்க படுத்திருக்காங்க. அவுங்கள... ஒண்ணும் செஞ்சிராதீங்க."

அவர் காதில் அதில் எது விழுந்ததோ தெரியாது. பேராசிரியர் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா, மரியாதை தெரிந்த ஒரே நோயாளி. நேராக நிற்கிறாள். பூரண குணம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "துண்டு வெட்டும்" என்றார்.

"சார், இவள் செத்துப் போவாள்" என்றேன்.

"வெட்டும் எண்டு சொன்னனான்!"

மண்ணீரல் போகிறது

மாரியாயி எழுந்து நின்றாள். நிதானமாகத் தன் துணிமூட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"அப்ப எனக்கும் வெட்டிருங்கய்யா. நானும் எந்திரிச்சு நின்னுட்டேன். சொகமாயிருச்சு" என்றாள்.

அவளுக்கு அடுத்தவள் எழுந்தாள். அதற்கடுத்தவளும் எழுந்தாள். கட்டிலுக்கடியில் கிடந்தவர்கள் ஊர்ந்து வெளியே வந்து நின்றார்கள். தையல் ஆறாதவள்கூட நோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நோனா கை கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"எங்க எல்லாருக்கும் நல்ல சொகம். லிந்துல பஸ்ஸு வந்துரும், சுருக்கா வெட்டுங்க!" என்று ஒரு கிழவி கூச்சல் போட்டாள். மூட்டைகள் கட்டியாயிற்று. வரிசை வாசலை நோக்கி நகர்ந்தது.

பரீட்சைக்கு வந்த மாணவர்கள் வெலவெலத்துப் போனார்கள். ஒரு பையன் ராத்திரியெல்லாம் ஒரே ஒரு மண்ணீரலைப் பற்றி உருப்போட்டிருக்கிறான். அந்த மண்ணீரலின் சொந்தக்காரி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். "சார், என் மண்ணீரல் போகிறது சார்!" என்று அலறினான்.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நோயாளிகள் எங்கே டாக்டர்? எல்லோருமே குணம் என்றால் நான் எதற்கு வந்தேன்?" என்று கேட்டார்.

நிற்பவள் சுகம் என்று சட்டம் போட்டவர் பெரிய டாக்டரேதான். வார்டு முழுக்க நிற்கிறது. என்ன சொல்வார்? ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தார், பாதியில் நின்றுபோனது. பிறகு பிறந்த ஊர்த் தமிழ் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

"படுங்கோ! எல்லாரும் போய்ப் படுங்கோ!"

யாரும் படுக்கவில்லை. மாரியாயி வாசலை மறித்து நின்றுகொண்டு, "மொதல்ல செல்லாயியப் படுக்கச் சொல்லுங்க. அவளுக்குத் துண்டு வெட்டக் கூடாது. அவளா நடமாடுற வரைக்கும் கட்டிலு அவளுது" என்றாள். அவர் கண்ணை அவள் நேராகப் பார்த்தாள். தோட்டத்துப் பெண் ஒருத்தி அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பெரிய டாக்டர் பேராசிரியரைப் பார்த்தார், காலிக் கட்டில்களைப் பார்த்தார். செல்லாயி இன்னும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி நின்றாள்.

"படு" என்றார். சத்தமே வரவில்லை. மறுபடி, "படு பிள்ளை" என்றார்.

செல்லாயி உடனே படுத்துவிட்டாள். நான் நாள் கணக்காகக் கெஞ்சியும் நடக்காதது ஒரே சொல்லில் நடந்துவிட்டது.

மற்றவர்களும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் படுத்தார்கள். பரீட்சை அமோகமாக நடந்தது. செல்லாயியைப் பார்த்த மாணவன் வால்வுச் சுருக்கம் என்று சரியாகச் சொன்னான். "வைத்தியம் என்ன?" என்று பேராசிரியர் கேட்டார். பையன் பெரிய டாக்டரை ஒருமுறை பயந்தபடி பார்த்துவிட்டு, "படுக்கையில் முழு ஓய்வு" என்றான். மாணவர்களை நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்று பேராசிரியர் பாராட்டினார். பெரிய டாக்டர் அடக்கமாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். வெட்கம் என்பது லண்டனில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இல்லை போலிருக்கிறது.

செல்லாயி பிழைத்தாளா என்று கேட்பீர்கள். அந்த முறை பிழைத்தாள். வீக்கம் வடிந்து, தன் காலால் நடந்து, புருஷனோடு பஸ் ஏறிப் போனாள். அந்த வால்வோடு எத்தனை வருஷம் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்து அறிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

பரீட்சை நடந்த அன்று சாயங்காலம் நான் வார்டுக்குப் போனேன். மாரியாயி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லாயி மட்டும் தலையணையில் சாய்ந்தபடி, கைகாலை அசைக்காமல், விழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"ஏன் குடிக்கலை?"

"பெரிய தொரை படுக்கச் சொன்னாரு. எப்ப எந்திரிக்கணும்னு சொல்லாமப் போயிட்டாருங்களே."

"இனிமே யாரும் சொல்ல வேண்டாம் செல்லாயி. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எந்திரி" என்றேன். பெரிய விடுதலையே வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமை எனக்கு.

செல்லாயி முகத்தில் கலவரம் வந்துவிட்டது.

"அப்பிடிச் சொல்லாதீங்கய்யா," என்றாள். "எனக்கு அப்பிடியெல்லாம் தோணுனதே இல்லீங்க."